மின்கார்: கடனா, குத்தகையா?

கார் வாங்க எண்ணும் குடும்பம் வங்கிக் கிளையில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. மின்கார் வந்த பின்னர் மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "இதைக் கடனில் வாங்குவதா, லீஸ் எனப்படும் குத்தகைக்கு எடுப்பதா?" பெங்களூரு, புணே, ஐதராபாத், தில்லி போன்ற நகரங்களில் பணிபுரியும் வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் நிறுவனம் அனுப்பிய குத்தகைத் திட்டத்தின் நகலையும் கையோடு கொண்டு வருகிறார்கள்.

கடன் வழங்குவது வங்கியின் தொழில். ஆகவே, நாங்கள் கடனின் பக்கமே பேசுவோம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அந்த ஐயம் எழாதிருக்க, முடிவை உங்கள் கையிலேயே விட்டுவிட்டு, முடிவுக்கு வரும் கணக்கை மட்டும் இங்கே தருகிறோம். கடனா குத்தகையா என்ற கேள்வி கடைசியில் ஒரே ஓர் எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு குடும்பமும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

விலையும் வரிச்சலுகையும்: இன்றைய நிலை

மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இன்றும் அதே விகிதமே தொடர்கிறது. பெட்ரோல், டீசல் கார்களின் நிலை 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது. நான்கு மீட்டர் நீளத்திற்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு, பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு என வரி சீரமைக்கப்பட்டது. முன்பு சிறிய கார்களுக்கு 28 விழுக்காடும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தீர்வையும் இருந்தன. எனவே சிறிய காரைப் பொறுத்தவரை, வரியில் மின்காருக்கு இருந்த முன்னிலை பாதியளவாகச் சுருங்கிவிட்டது. சிறிய மின்கார் வாங்குவோர் பழைய விலை ஒப்பீடுகளை நம்பாமல் புதிய விலைப்பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும்.

வருமான வரியில் மின்வாகனக் கடன் வட்டிக்கு ரூ.1,50,000 வரை கழிவு உண்டே என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். 80-இ.இ.பி. பிரிவின் அந்தச் சலுகை, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே உரியது. புதிதாகக் கடன் பெறுவோர் அதைக் கணக்கில் சேர்க்கலாகாது. மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்ட மானியமும் சரி, 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டமும் சரி, சொந்த உபயோகக் கார்களை உள்ளடக்கவில்லை. சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றில் உள்ள சலுகைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. விற்பனையாளர் தரும் விலைக்குறிப்பில் 'ஆன்-ரோடு' தொகையை உங்கள் மாநிலத்துக்கு உரியதாகவே எழுதி வாங்குங்கள்.

முதலில் வண்டி நிறுத்துமிடம்

மின்கார் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதா என்பதை வண்டியைவிட அதை நிறுத்தும் இடமே தீர்மானிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50 கி.மீ. வீதம் மாதம் 25 நாட்கள், அதாவது மாதம் 1,250 கி.மீ. ஓட்டும் குடும்பம் என்று கொள்வோம். பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று குறிப்பிடுகிறார்கள். நம் மின்கட்டண ரசீதில் காணும் ஒரு யூனிட் என்பதும் அதுவேதான். நடுத்தர அளவுள்ள மின்கார், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6.5 கி.மீ. ஓடும் என வைத்துக்கொண்டால், மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து மாதம் ஏறத்தாழ 215 யூனிட் தேவை. வீட்டில் யூனிட்டுக்கு ரூ.8 என்றால் செலவு சுமார் ரூ.1,720. அதே தூரத்தை லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காரில், லிட்டர் ரூ.100 விலையில் கடந்தால் சுமார் ரூ.8,300 ஆகும். மாதச் சேமிப்பு ரூ.6,600.

வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாமல், முற்றிலும் பொது அதிவேக மின்னேற்ற நிலையங்களையே நம்பினால் கணக்கு மாறிவிடும். அங்கே யூனிட் ரூ.20 எனக் கொண்டு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் மாதச் செலவு சுமார் ரூ.5,000-ஐ எட்டும். சேமிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. மாதம் 500 கி.மீ. மட்டுமே ஓட்டும் குடும்பத்துக்கு, வீட்டில் மின்னேற்றினாலும் சேமிப்பு ரூ.2,600 அளவே. அவர்கள் எரிபொருள் சேமிப்பை மட்டும் கருதி மின்காரின் கூடுதல் விலையை ஏற்பது உசிதமன்று.

வீட்டு மின்னேற்றத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்ற அச்சம் தேவையில்லை. ஏ.சி. இயந்திரத்துக்குப் பயன்படும் 16 ஆம்பியர் இணைப்பில் மணிக்குச் சுமார் 3.3 யூனிட் ஏறும். 50 கி.மீ. ஓட்டத்துக்கான மின்சாரம் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் கருவி வேண்டுமென்றால், உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியத்தில் விசாரிக்க வேண்டும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும் மாநிலங்களில், இந்த 215 யூனிட் முழுவதும் மிக உயர்ந்த கட்டண அடுக்கிலேயே விழக்கூடும். மின்வாகனத்துக்குத் தனி இணைப்பு பெறும் உரிமையை 2024-இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் வழங்குகின்றன. எது இலாபம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர், காருக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துமூல இசைவைப் பெறுவது நல்லது. உங்கள் மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை கம்பி இழுக்கும் செலவையும் அப்போதே கேட்டு வையுங்கள். வாடகை வீட்டில் இருப்போர், வீடு மாறினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஏற்ற கார்

விளம்பரத்தில் காணும் தூரம், வரையறுக்கப்பட்ட சோதனை முறையில் கிடைத்தது. ஏ.சி., நெரிசல், நான்கு பேர், சுமை என்று வரும்போது அது குறையும். அதில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது. 40 யூனிட் பேட்டரியில் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால் சுமார் 208 கி.மீ. கிடைக்கும். பெங்களூரிலிருந்து மைசூரு செல்ல இது தாராளம். தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்ல வழியில் ஒருமுறை மின்னேற்ற வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே செல்லும் சொந்த ஊர்ப் பயணத்துக்காகப் பெரிய பேட்டரிக்கு இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுப்பதா, வழியில் ஒரு மணி நேரம் நிறுத்துவதா என்பதைக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யலாம்.

பாதுகாப்புக்கு, 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் நட்சத்திரத் தரமதிப்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பு தரப்படுகிறது. பேட்டரி வண்டியின் அடித்தளத்தில் இருப்பதால், மழைக்காலத்தில் நீர் தேங்கும் பகுதியில் வசிப்போர் பேட்டரியின் நீர்த்தடுப்புத் தரத்தையும், தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் என்பதையும் கேட்டறிய வேண்டும். மாற்றுச் சக்கரம் உண்டா, அல்லது பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டும்தானா என்றும் பாருங்கள். முதியோர் இருக்கும் வீட்டில், காட்சியகத்தில் அவர்களை ஏறி இறங்கச் செய்து பார்ப்பது எந்தத் தரமதிப்பையும்விடப் பயனுள்ளது.

கடன் என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன

கடனில் வாங்கும் காருக்கு உரிமையாளர் நீங்களே. வங்கியின் பெயர் அடமானமாகப் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படும். கடன் தீர்ந்ததும் அக்குறிப்பு நீக்கப்படும். குத்தகையில் உரிமையாளர் குத்தகை நிறுவனம். நீங்கள் மூன்று, நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மாதக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகிறீர்கள். காப்பீடு, பராமரிப்பு ஆகியவை பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். காலம் முடிந்ததும் காரைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, காலத்தின் முடிவில் கார் என்ன விலைக்குப் போகும் என்ற இடர்ப்பாட்டை யார் சுமப்பது என்பதே. கடனில் அது உங்கள் தோளில். குத்தகையில் அது நிறுவனத்தின் தோளில். அதைச் சுமப்பதற்கான கூலியையும் சேர்த்துத்தான் அவர்கள் மாதக் கட்டணத்தை நிர்ணயிக்கிறார்கள்.

பெட்ரோல் காரில் இந்த இடர்ப்பாட்டை மதிப்பிடுவது எளிது. பழைய கார்ச் சந்தையில் பல்லாண்டு விலைவரலாறு இருக்கிறது. மின்காருக்கு அது இல்லை. பரவலாக விற்பனையான முதல் இந்திய மின்கார்களுள் ஒன்றான டாடா நெக்சான் மின்கார் சந்தைக்கு வந்ததே 2020 ஜனவரியில்தான். அதே விலையில் பெரிய பேட்டரியுடன் புதிய மாதிரி வரும்போது, பழைய மாதிரியின் விலை சரிகிறது. நான்கு ஆண்டு பழைய பேட்டரியின் நலம் எப்படி என்று வாங்குபவருக்கு எழும் ஐயமும் விலையைக் குறைக்கிறது.

அந்த ஓர் எண்

இப்போது கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் கையில் உள்ள விலைக்குறிப்பின் தொகைகளை இவற்றுக்குப் பதிலாக இட்டுப் பாருங்கள்.

காரின் ஆன்-ரோடு விலை ரூ.15 லட்சம். முன்பணம் ரூ.3 லட்சம். மீதி ரூ.12 லட்சம் 9 விழுக்காடு வட்டியில் 48 மாதக் கடன்.

கடன் வழியில் நான்கு ஆண்டுச் செலவு:
முன்பணம் – ரூ.3,00,000
மாதத் தவணை ரூ.29,862 வீதம் 48 மாதங்களுக்கு – ரூ.14,33,376
காப்பீட்டுப் புதுப்பிப்பு, பராமரிப்பு – ரூ.1,20,000
முன்பணம் 6.5 விழுக்காட்டு வைப்புத்தொகையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டி – சுமார் ரூ.86,000
மொத்தம் – சுமார் ரூ.19.39 லட்சம்

குத்தகை வழியில் நான்கு ஆண்டுச் செலவு:
வரி, காப்பீடு, பராமரிப்பு உட்பட மாதம் ரூ.36,000 வீதம் 48 மாதங்களுக்கு – ரூ.17,28,000
திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை ரூ.1 லட்சத்துக்கு இழக்கும் வட்டி – சுமார் ரூ.28,600
மொத்தம் – சுமார் ரூ.17.57 லட்சம்

மின்சாரச் செலவு இரண்டுக்கும் பொது. ஆகையால் அதைச் சேர்க்கவில்லை. கடன் வழியில் ரூ.1.83 லட்சம் அதிகம் செலவாகிறது. ஆனால் முடிவில் கார் உங்களிடம் இருக்கிறது. அந்த ரூ.1.83 லட்சமே நாம் தேடிய எண். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் காரை ரூ.1.83 லட்சத்துக்கு மேல் விற்க முடியுமானால் கடனே இலாபம். விற்க முடியாது என்று கருதினால் குத்தகை இலாபம். ரூ.15 லட்சம் கார் நான்கு ஆண்டுகளில் அந்த அளவுக்கு வீழ்வது அரிது. எனவே இந்த எடுத்துக்காட்டில், தனிநபராகச் சொந்தப் பணத்தில் குத்தகைக்கு எடுப்பவர் வசதிக்காகவே விலை கொடுக்கிறார் என்று கொள்ளலாம். முன்பணம் தேவைப்படவில்லை, விற்கும் தொல்லை இல்லை என்பவை உண்மையான வசதிகள்தாம். அவற்றின் விலை என்ன என்று தெரிந்து செலுத்துவதே விவேகம்.

நிறுவனம் வழியாக வரும் குத்தகை

பணிபுரியும் நிறுவனமே காரைக் குத்தகைக்கு எடுத்து ஊழியருக்கு அளிக்கும்போது கணக்கு முற்றிலும் வேறு. குத்தகைக் கட்டணம் வரிக்கு முந்தைய ஊதியத்திலிருந்து கழிக்கப்படுகிறது. அதற்கு ஈடாக, வருமான வரி விதிகள் நிர்ணயிக்கும் ஒரு தொகை மட்டும் உங்கள் வருமானத்தில் சேர்க்கப்படும். 30 விழுக்காட்டு வரம்பில் உள்ள ஒருவருக்கு இதனால் மாதம் நிகரமாக ரூ.10,000 வரி மிச்சமாகிறது எனக் கொள்வோம். கட்டணம் ரூ.26,000 ஆகக் குறைகிறது. வைப்புத்தொகையும் இல்லை என்றால் 48 மாதச் செலவு ரூ.12.48 லட்சம். கடன் வழியின் ரூ.19.39 லட்சத்தோடு ஒப்பிட்டால், இப்போது அந்த எண் ரூ.6.91 லட்சமாக உயர்கிறது. அதாவது காரின் விலையில் 46 விழுக்காடு. நான்கு ஆண்டு பழைய மின்கார் இந்த விலைக்குப் போகுமா என்பது நியாயமான ஐயமே. இங்கே குத்தகை பக்கம் தராசு சாய்கிறது. வரியில் சேர்க்கப்படும் தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பு ஆண்டின் கணக்கை உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலேயே எழுதி வாங்குங்கள்.

இதில் வெளியே தெரியாத ஒரு விளைவும் உண்டு. குத்தகைக் கட்டணம் ஊதியச் சீட்டில் கழிவாகத் தோன்றும். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தால், வங்கி உங்கள் கைக்கு வரும் ஊதியத்தையே பார்க்கும். மாதம் ரூ.36,000 கழிவு, கிடைக்கக்கூடிய வீட்டுக்கடனைப் பல லட்சம் குறைத்துவிடும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்க எண்ணுவோர், கார் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர் இதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு மட்டும் வாடகை

கடனுக்கும் குத்தகைக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. ஜே.எஸ்.டபிள்யூ. எம்.ஜி. நிறுவனம் 2024 செப்டம்பரில் வின்ட்சர் காரை அறிமுகம் செய்தபோது, பேட்டரி நீங்கலாக ரூ.9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு ரூ.3.50 என்று விலை கூறியது. பேட்டரியுடன் சேர்த்த தொடக்க விலை ரூ.13.50 லட்சம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரூ.3.51 லட்சத்தை ரூ.3.50 ஆல் வகுத்தால் சுமார் 1,00,000 கி.மீ. வருகிறது. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுவோர் ஏழாம் ஆண்டில் அந்த எல்லையைத் தொடுவார்கள். மின்சாரச் செலவு இதற்கு மேல் தனி என்பதை மறவாதீர்கள். இத்தகைய திட்டங்களில், ஓட்டாத மாதத்திலும் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, காரை விற்கும்போது பேட்டரி ஒப்பந்தம் என்னாகும் என்ற இரண்டையும் கேட்காமல் முடிவெடுக்கலாகாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. ஆண்டுக்கு எத்தனை கி.மீ. வரை அனுமதி? மிகுந்தால் கிலோமீட்டருக்கு என்ன கட்டணம்? எரிபொருள் செலவு குறைவு என்பதால் மின்காரை நாம் அதிகம் ஓட்டவே செய்வோம்.

2. இடையில் விலகினால் என்ன செலுத்த வேண்டும்? வேலை மாறும்போது புதிய நிறுவனம் குத்தகையை ஏற்காவிட்டால், முழுச் சுமையும் உங்கள் மீது விழக்கூடும். கடனில் வாங்கிய காரை விற்றுக் கடனை அடைத்துவிடலாம். குத்தகைக் காரை விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. வருமானம் நிலையற்ற குடும்பத்துக்கு இந்த ஒரு நிபந்தனையே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

3. கீறல், நசுங்கல் எந்த அளவு வரை இயல்பான தேய்மானம்? திருப்பித் தரும் நாளில் யார் மதிப்பிடுவார்? காரைப் பெறும் நாளிலேயே தேதியுடன் ஒளிப்படங்கள் எடுத்து வையுங்கள்.

4. பேட்டரி உத்தரவாதம் யாருக்கு? எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலான உத்தரவாதம். சில மாதிரிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தரப்படுகிறது, ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. குத்தகையில் முதல் உரிமையாளர் குத்தகை நிறுவனம். முடிவில் அந்தக் காரை நீங்களே வாங்கினால் இரண்டாம் உரிமையாளர் ஆகிவிடுவீர்கள். முடிவில் வாங்கும் எண்ணமிருந்தால் அப்போதைய விலையும் உத்தரவாத நிலையும் இப்போதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

5. விபத்தில் கார் முற்றிலும் சேதமானால்? காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறையும். நான்காம் ஆண்டில் 40 விழுக்காடு கழித்தே அது கணக்கிடப்படுகிறது. காப்பீடு தரும் தொகைக்கும் குத்தகை நிறுவனம் கேட்கும் தொகைக்கும் இடையே வரும் பள்ளத்தை யார் நிரப்புவது? நீர் புகுந்தும் மின்னழுத்தத்தாலும் பேட்டரிக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

6. வேறு மாநிலத்துக்கு மாற்றலானால்? ஒரு வாகனம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். குத்தகைக் காரில் அதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு தேவை. செலவு யாருடையது?

கடன் பெறுவோருக்கும் இரண்டு வார்த்தைகள். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முதன்மை விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அதில் வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு விகிதம் போதும். தவணையைக் குறைக்க எண்ணிக் கடன் காலத்தை நீட்டுவோர், பேட்டரி உத்தரவாதம் முடியும் ஆண்டுக்கு வெகு முன்பே கடன் தீருமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் முடிந்த பேட்டரிக்குத் தவணை கட்டும் நிலை எவருக்கும் வேண்டாம்.

யாருக்கு எது?

காரை ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருந்து ஓட்டும் பழக்கமுள்ள குடும்பத்துக்கு மறுவிற்பனை விலை பெரிய கவலையன்று. அவர்களுக்குக் கடனே பொருந்தும். வேலை உறுதியாக இருந்து, 30 விழுக்காட்டு வரம்பில் வரி செலுத்தி, நிறுவனத் திட்டமும் வாய்த்து, நான்கு ஆண்டுகளில் கார் மாற்ற எண்ணுவோருக்குக் குத்தகை பொருந்தும். வீட்டில் மின்னேற்ற இடமே இல்லாதோர், அதற்கு வழி பிறக்கும் வரை இரண்டையும் தள்ளி வைக்கலாம்.

குத்தகை நிறுவனத்தின் விலைக்குறிப்பு ஒன்று, வங்கியின் முதன்மை விவர அறிக்கை ஒன்று, ஒரு வெள்ளைத் தாள். இவை மூன்றும் போதும். இரண்டு மொத்தங்களையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். பின்னர், இதே வகை மின்கார் மூன்று நான்கு ஆண்டு பழையதாக இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பழைய கார் விற்பனையாளர்கள் இருவரிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் விலை உங்கள் எண்ணைவிடத் தெளிவாக மிகுந்திருந்தால் கடன், குறைந்திருந்தால் குத்தகை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கிளைக்கு வந்தாலும், கணக்கைச் சரிபார்த்துத் தர நாங்கள் காத்திருக்கிறோம்.